பெனடிக்ற்றின் பெயரில் ஒரு பூசை

டொக்டர் ஹியூபேட் சவுந்தரநாயகம் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் வத்தளையில் காலமானார். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில், கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகக் கொண்டவர், வெள்ளவத்தையில் நெடுங்காலம் வைத்தியராக இருந்தவர் என்று போட்டிருந்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இராணுவ வைத்தியராக இருந்த பத்து வருடங்கள் அதில் இல்லை. அறிவித்தலைக் கொடுத்தவர் அவருடைய தங்கை ஐறீன். நான் கேட்டபோது, "அதை ஏன் இப்ப கிளறுவான், அங்கிள்?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. இருந்தும், விடுபட்டதை யாராவது எழுதிவைக்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் கோவில் அலுவலகத்தில் நான்தான் நீண்ட காலம் எழுதுவினைஞர். ஹியூபேட்டின் ஞானஸ்நானத்தைப் பதிந்ததும் நான்தான். கண்டதைக் கண்டதாகவும், அவர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன்.

அவருடைய தகப்பன் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிளார்க். மகனுக்கு டொக்டர் படிப்பைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் போய்விட்டன. அப்போதுதான் புதிதாகத் தொடங்கிய தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அதன் கட்டணம் துறைமுகக் கிளார்க்கின் கைக்கு எட்டாதது. 1981இல் ஹியூபேட் ஓர் இராணுவ விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்தான். படிப்புச் செலவை அவர்கள் பார்ப்பார்கள். டொக்டராக வெளியே வந்தபின் பத்து வருடம் இராணுவத்தில் வேலை செய்யவேண்டும். பிணைக்கு இருவர் வேண்டும். அந்த இருவரில் நானும் ஒருவன் என்பதால், கையெழுத்து வைத்த மாலை அவர்களுடைய வீட்டில் இருந்தேன்.

"வடக்கிலை அடிபாடு பெருத்தால் என்ன செய்வாய்?" என்று தகப்பன் கேட்டார்.

"அப்பா, நான் சுடப்போறனில்லை. ஊசி போடப்போறன்."

"ஊசியைக் கண்டால் ஆமிக்காரனும் அழுவான், அண்ணா. நீ ஒருத்தன் போதும் ஆமியை அடக்க," என்றாள் ஐறீன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

தாய் றோஸி தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துக்கொண்டே, "டொக்டர் எண்டு பெயருக்கு முன்னாலை வந்தால் போதும். மிச்சத்தை அந்தோனியார் பார்ப்பார்," என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தக் காலத்தில் இராணுவத்தில் தமிழர் இருப்பது அரிதுதான், ஆனால் ஆச்சரியமான விஷயம் அல்ல.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவர்களுடைய வீடு எரிந்தது. குடும்பம் எங்கள் கோவில் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் ஹியூபேட் தாய் தகப்பனைத் தேடிக்கொண்டு வந்தான். அன்று இராணுவ லொறியில் வந்ததால் சீருடையில் இருந்தான். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் சனம் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது. பிள்ளைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். றோஸியும் ஒதுங்கினார். "அம்மா, நான்தான்," என்று அவன் சொன்ன பிறகுதான் அவருக்கு மகனைத் தெரிந்தது.

"விட்டிட்டு வரட்டா, அப்பா?" என்று கேட்டான்.

"விட்டால் பிணைக்காரரைப் பிடிப்பாங்கள்," என்று சொல்லிவிட்டுத் தகப்பன் என்னைப் பார்த்தார். "படிப்பை முடி. முடிச்சிட்டுப் பார்ப்பம்."

அவன் படிப்பை முடித்தான். 1987இல் டொக்டராகவும் இராணுவ அதிகாரியாகவும் வெளியே வந்தான். குடும்பம் அதற்கு முன்பே வத்தளைக்குப் போய்விட்டது. லீவில் வரும்போது மட்டும் அவன் கொட்டாஞ்சேனைக்கு வந்து எங்கள் கோவிலில் பூசை காண்பான். இனி அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்.

இந்த இடத்தில் எங்கள் கோவில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காலைப் பூசைக்கு முன்னால், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார்கள். முதலில் உயிரோடிருப்பவர்கள்: சுகத்துக்காக, பயணத்துக்காக, சோதனைக்காக. பிறகு இறந்தவர்கள். பூசை கொடுத்த வீட்டார், உயிரோடிருப்பவரின் பெயர் வாசிக்கப்படும்போது எழும்பி நிற்பார்கள். இறந்தவரின் பெயர் என்றால் முழங்காலில் இருப்பார்கள். மற்றவர்கள் வாங்கில் இருந்தபடியே இருப்பார்கள். வேறு கோவில்களில் இதைக் காணவில்லை. எங்களுக்கு இது சிறு வயதிலேயே உடம்பில் ஏறிய பழக்கம். பெயர் வந்தால் முழங்கால் தானாக மடியும்.

1991 ஜனவரியில் ஹியூபேட் லீவில் வந்தார். அலுவலகத்துக்கு வந்து ஒரு பூசை கேட்டார்.

"உயிரோடிருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது.

"இறந்தவர். வஸ்தியாம்பிள்ளை பெனடிக்ற்."

"சொந்தமா?"

"இல்லை, அங்கிள். மன்னார்ப் பக்கத்துப் பெடியன். இங்கை அவனை ஒருத்தருக்கும் தெரியாது."

அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். சனிக்கிழமை காலைப் பூசையில் பெயர் வாசிக்கப்பட்டது. ஹியூபேட் பின் வாங்கில் முழங்காலில் இருந்தார். அதே நேரத்தில் நடு வாங்கிலிருந்து ஒரு பெண் எழும்பி நின்றாள். இறந்தவரின் பெயருக்கு யாரும் எழும்புவதில்லை. நான் பக்கக் கதவடியில் நின்றதால் முகத்தைக் கண்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளையில் நீலப்பூச் சேலை. அவள் பீடத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பித் தேடினாள். ஹியூபேட்டைக் கண்டாள். ஹியூபேட்டும் அவளைக் கண்டார். அவர் பக்கக் கதவால் வெளியே போய்விட்டார்.

பூசை முடிந்ததும் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பெயர் கொன்ஸ்ரன்ஸ், பெனடிக்ற்றின் தாய். முந்திய வருடம் ஜூலையில் மகனைத் தெருவில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், மன்னாரிலிருந்து வந்து கொழும்பில் ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்டுத் திரிவதாகவும் சொன்னாள். ஜம்பட்டா வீதியில் சீனியம்மா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

"ஆர் என்ரை பிள்ளைக்குச் செத்தவீட்டுப் பூசை குடுத்தது?"

கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பெயரைச் சொல்வதில்லை என்றேன்.

"நான் சொல்லட்டே? தலைமயிரை ஒட்ட வெட்டின ஒரு ஆள். ஆமிக்காரன் மாதிரி. அவரைக் கேட்டுச் சொல்லுங்கோ. அதுமட்டும் நான் இதிலை இருப்பன்."

சொன்னபடியே அலுவலக வாசலில் இருந்துவிட்டாள். அன்று மத்தியானமே நீர்கொழும்பு பஸ் ஏறி வத்தளைக்குப் போனேன்.

ஹியூபேட் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "தாயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன்.

முந்திய ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம், அவர் இருந்த முகாமின் சிகிச்சைக் கூடாரத்துக்குக் காயத்தோடு ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். காயம் எப்படி வந்தது என்று ஹியூபேட் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று ஹியூபேட் கேட்டார். ஹெலி மறுநாள்தான் என்றார்கள். கூடாரத்துக்குள் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஹியூபேட்டின் சட்டையில் ஆங்கிலத்தில் பெயர் தைத்திருந்தது. இளைஞன் அதை மெல்ல வாசித்தான்.

"சவுந்தரநாயகம். டொக்டர், நீங்கள் தமிழோ?"

ஹியூபேட் சிங்களத்தில் பதில் சொன்னார். "மம தெமல தன்னே நே." எனக்குத் தமிழ் தெரியாது.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்று இந்த இடத்தில் கேட்டேன்.

"அந்தப் பெடியள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டவங்கள், அங்கிள். மூண்டு வருசமா எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கினம். வாய் தானா அப்பிடிச் சொல்லிப்போட்டுது."

இளைஞன் கோபிக்கவில்லையாம். "சரி சேர். தெரியாட்டிலும் கேளுங்கோ," என்று சொல்லித் தமிழிலேயே தன் பெயரைச் சொன்னான். தாயின் பெயரைச் சொன்னான். "அம்மாட்டைச் சொல்லுங்கோ, சைக்கிள் சந்தியிலை பீபி வீட்டிலை நிக்குது. அவ தேடுவா." அதை மூன்று தரம் சொன்னான். ஹியூபேட் சேலைன் குழாயைச் சரிசெய்துகொண்டு, விளங்காதவர் மாதிரி நின்றார். பொழுது படும் நேரம் நாடி நின்றது. அவரே பார்த்தார். மறுநாள் காலையில் கட்டில் வெறுமையாக இருந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது, அது டொக்டரின் வேலை இல்லை என்றார்கள்.

"சாப்பிடேக்கையும் கேக்குது, அங்கிள். குளிக்கேக்கையும் கேக்குது. சைக்கிள் பீபி வீட்டிலை நிக்குது. இதைச் சொல்லுறதுக்கு ஒரு ஆளைத் தந்தால் நான் நித்திரை கொள்ளுவன்."

ஐறீன் கதவடியில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். "இப்ப ஆள் வந்திட்டுது எண்டு சொல்லப் போறியோ? அந்த மனிசி பேப்பருக்குச் சொன்னால்? உன்னைக் கொண்டுபோய் உள்ளுக்கை போடுவாங்கள். செவ்வாய்க்கிழமை லீவு முடியுது. பேசாமல் போ."

"பேசாமல் இருந்ததாலைதான் இவ்வளவும்," என்றார் ஹியூபேட்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்குப் பிறகு இருவரும் ஜம்பட்டா வீதிக்குப் போனோம். சீனியம்மா செட்டித்தெரு நகைக்கடைக்காரர் ஒருவரின் விதவை. மேல்மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். கதவைத் திறந்ததும் தொடங்கிவிட்டார்.

"வாங்க, வாங்க. இந்தம்மா நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. உசுரோட இருக்கற புள்ளயச் செத்துப்போச்சுன்னு கோயில்ல படிச்சாங்களாம். எவன் எழுதிக் குடுத்தான்னு தெரிஞ்சா..."

"எழுதினது நான்தான்," என்றேன்.

சீனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளப் பாத்தா வெவரமானவரு மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வழிவிட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் பாயில் இருந்தாள். எழும்பவில்லை. "நீங்கள்தானே முழங்காலிலை இருந்தது?"

"ஓம், அக்கா."

"ஆர் நீங்கள் அவனுக்கு?"

"ஒருத்தருமில்லை. நான் டொக்டர். ஆமி டொக்டர்."

சீனியம்மா உள்ளே வந்து சுவரோடு நின்றார். ஹியூபேட் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் சிங்களத்தில் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. அதை மட்டும் விட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. முடிந்தபிறகு கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள்.

"இப்ப நல்லாத் தமிழ் கதைக்கிறீங்கள்."

ஹியூபேட் தலை குனிந்துகொண்டார். "சைக்கிள்... பீபி வீட்டிலை நிக்குது எண்டு சொல்லச் சொன்னவன்."

"அது எனக்குத் தெரியும். போன ஒக்ரோபரிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு எழுப்பினதெல்லே, அதுக்கு முதல்நாள் பீபி தன்ரை கையாலை உருட்டிக்கொண்டு வந்து தந்திட்டுத்தான் போனவ. காத்துப் போயிருந்தது. அடிச்சு வைச்சிட்டு வந்தனான். வந்தால் ஓடுவான் எல்லே."

ஹியூபேட்டின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் சுமந்த சொல். அது அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, அவன் இறந்திட்டான். நான் நாடி பார்த்தனான்."

"எங்கை புதைச்சது?"

"தெரியாது. காலமை கட்டில் வெறுமையாக் கிடந்தது."

"அப்ப நீங்கள் கண்டது வெறுங்கட்டில்." அவள் குரல் உயரவில்லை. "உயிரோடை கேட்ட பிள்ளைக்குத் தமிழ் தெரியாது எண்டு சொன்னீங்கள். செத்ததை மட்டும் தமிழிலை எனக்குச் சொல்ல வந்திருக்கிறீங்கள். அதை நான் உங்களிட்டை வாங்கமாட்டன்."

சீனியம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"இன்னும் எத்தினை வருசம் அங்கை வேலை செய்யவேணும்?" என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்.

"ஆறு வருசத்துக்கு மேலை, அக்கா."

"அப்ப தேடுங்கோ. உங்களை உள்ளை விடுவாங்கள், என்னை விடமாட்டாங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலையும் பாருங்கோ. ஆர் தமிழிலை கேட்டாலும் தமிழிலை பதில் சொல்லுங்கோ. லீவிலை வரேக்கை என்னட்டை வந்து சொல்லவேணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனி அவன்ரை பெயரை அந்தப் பக்கத்திலை வாசிக்கக்கூடாது. மே மாதம் பதினோராம் தேதி அவன்ரை பிறந்தநாள். சுகத்துக்கு எண்டு போடுங்கோ."

ஹியூபேட் அதற்கு உடன்பட்டார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் பத்திரிகைக்கும் போகவில்லை, வேறு எங்கும் அவர் பெயரைச் சொல்லவுமில்லை. அவர் லீவில் வரும் ஒவ்வொரு முறையும் முதல் ஞாயிறு ஜம்பட்டா வீதிக்குப் போவார். சிலவேளை நானும் கூடப் போனேன். கொன்ஸ்ரன்ஸ் தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"கண்டனீங்களே?"

"இல்லை, அக்கா."

சாகக் கண்டவன் வாயால் அந்த 'இல்லை' எப்படி வந்ததென்று ஒருமுறை வழியில் கேட்டேன். "பொய் இல்லைத்தானே, அங்கிள். இந்தமுறை காணயில்லை," என்றார்.

அவள் சொன்ன மற்றதையும் அவர் செய்தார். முகாம்களிலும் வார்ட்டுகளிலும் தமிழில் கேட்டவர்களுக்கு எல்லோர் முன்னாலும் தமிழில் பதில் சொன்னார். அதனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு தரம் தள்ளிப்போனது என்று ஐறீன் சொன்னாள். உறுதிப்படுத்த என்னிடம் எதுவும் இல்லை.

மே மாதங்களில் கொன்ஸ்ரன்ஸ் முன் வாங்கில் இருப்பாள். "வஸ்தியாம்பிள்ளை பெனடிக்ற்றின் சரீர சுகத்துக்காக" என்று வாசிக்கும்போது அவள் எழும்பி நிற்பாள். ஹியூபேட் கொழும்பில் இருந்தால் பின் வாங்கில் இருப்பார். எழும்பமாட்டார், முழங்காலிலும் இருக்கமாட்டார். வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி இருப்பார். நான் பக்கக் கதவடியில் நின்று வருடாவருடம் கண்டது அதுதான்.

வத்தளைக் கோவிலில் இறந்தவர்களின் பக்கத்தில் ஒரு பூசை கொடுக்கப் போய், பெயரைக் கேட்டதும் சொல்லாமல் திரும்பி வந்ததாக ஒருமுறை சொன்னார்.

1997இல் பத்து வருடம் முடிந்தது. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் சிறிய டிஸ்பென்சரி திறந்தார். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்த சனம் அவரிடம்தான் போனது. என் பிறெஷருக்கு நானும் அங்கே போவேன். ஒருநாள் அவர் என் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வெளியே சுவரில் யாரோ ஒரு சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. கையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பி வாசலுக்குப் போனார். பாண் கொண்டுவந்தவன். "ஆரின்ரை சைக்கிள்?" என்று அவனைக் கேட்டார். "என்னுடையதுதான் டொக்டர், நேற்றும் கேட்டனீங்களே," என்று அவன் சிரித்தான். டொக்டர் திரும்பி வந்து என் கையில் பட்டியை முதலிலிருந்து சுற்றினார்.

கொன்ஸ்ரன்ஸ் மன்னாருக்குத் திரும்பவில்லை. அமைச்சுகளும் அலுவலகங்களும் கொழும்பில்தானே இருந்தன. சீனியம்மாவின் சமையலுக்கு உதவிசெய்துகொண்டு அதே அறையில் இருந்தாள். பிறகு அவளுக்கு நீரிழிவு வருத்தம் முற்றிச் சிறுநீரகம் போனது. கடைசி இரண்டு வருடமும் ஹியூபேட்தான் பார்த்தார். அப்போது யுத்த நிறுத்தம் வந்திருந்தது, மன்னாருக்குப் பாதை திறந்திருந்தது, இருந்தும் அவள் போகவில்லை. 2003 ஏப்ரலில் அவள் இறந்தபோது ஹியூபேட்டும் சீனியம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். நான் இருக்கவில்லை. சீனியம்மா சொன்னது இது:

"கடேசி நாளும் அதே கேள்விதாங்க. கண்டீங்களான்னு. டாக்டரு வாயத் தொறக்கல. நான் ரகசியமா சொன்னேன், ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி, நிம்மதியாப் போகட்டும்னு. அவரு கேக்கல. அவ கையப் புடிச்சுக்கிட்டு, 'இல்லை, அக்கா, இன்னும் தேடுறன்'னாரு. அதுக்கப்பறந்தான் அவ கண்ண மூடுனா."

மே மாதம் பிறந்தது. பத்தாம் தேதி ஹியூபேட் அலுவலகத்துக்கு வந்தார். மறுநாள் காலைப் பூசைக்கு ஒரு கருத்து எழுதவேண்டும் என்றார்.

"வஸ்தியாம்பிள்ளை பெனடிக்ற்," என்றார்.

நான் பேனையை எடுத்தேன். எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்கவேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவள் இப்போது இல்லை. அவன் இறந்ததைக் கண்டவர்களில், அவன் யாரென்று அறிந்த ஒரே ஆள் எனக்கு முன்னால் நின்றார். இதற்காக அவர் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"உயிரோடிருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?"

வெளியே கோவில் முற்றத்தில் யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றின் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"இண்டைக்கு நான் செத்தவங்கடை பக்கத்திலை போட்டால், அவனைத் தேட ஒருத்தரும் இல்லை, அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னார். நான் சுகத்துக்காக என்று எழுதினேன்.

மறுநாள் மழை. பூசைக்கு ஆட்கள் குறைவு. ஹியூபேட் பின் வாங்கில் இருக்கவில்லை. கொன்ஸ்ரன்ஸ் இருந்த முன் வாங்கில் போய் இருந்தார். பெயர்கள் வாசிக்கப்பட்டன. "வஸ்தியாம்பிள்ளை பெனடிக்ற்றின் சரீர சுகத்துக்காக" என்றபோது அவருடைய முழங்கால்கள் மடியத் தொடங்கியதைக் கண்டேன். ஒரு கையால் வாங்கைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கோவிலில் தனி ஒருவராக எழும்பி நின்றார்.

அதன்பின் அவர் இறக்கும்வரை ஒவ்வொரு மே மாதமும் அப்படியே நின்றார்.